உள்ளே யார் போறது?

ஞாயிற்றுக்கிழமை காலை தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் எல்லோர் கண்ணும் பந்தின் மேல். எனக்கோ ஓரத்தில் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஸ்கோரரைத்தான் பார்க்கப் பிடிக்கும். வெயிலில் திரை தெரியாது. இடது கையைக் குடைபோல் கவித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் பந்துக்குப் பந்து தட்டிக்கொண்டிருப்பார். பக்கத்து ஆட்டத்தின் டென்னிஸ் பந்து காலடியில் தொம்மென்று விழுந்தாலும் நிமிர மாட்டார். ஆனால் ஒரு பீல்டர் நொண்டிக்கொண்டு வெளியே வந்தால் போதும், தலை சட்டென்று உயரும். "தம்பி, உள்ள யாரு போறது?" அந்தப் பையன் ஓடிக்கொண்டே கத்தும் பெயரைக் காதில் வாங்கி, அடுத்த பந்து விழுவதற்குள் ஏற்றிவிடுவார்.

மாற்று ஆள் பீல்டிங் செய்யலாம். பேட் பிடிக்கவோ பந்து வீசவோ முடியாது. ஆகவே பதினோரு பேர் பட்டியல் கலையாமல், அவனை மட்டும் தனியே வைக்க வேண்டும். ஓவர் முடிவதற்குள் அவனே லாங் ஆனில் ஒரு கேட்ச் பிடிக்கிறான். ஊரே கூச்சல் போட, கட்டைவிரல் பதறாமல் கேட்ச், பவுலர், பிடித்தவர் என்று வரிசையாக இறங்குகிறது. பிடித்தவர் இடத்தில் 'சப்'. 2005 ஆஷஸ் டெஸ்ட் தொடரில், ட்ரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் மாற்று ஆளாக இறங்கி, ஆஸ்திரேலியக் கேப்டன் பான்டிங்கை ரன் அவுட் செய்த கேரி பிராட்டுக்கும் அதே 'சப்'தான். பையன் சும்மா இருப்பானா? தண்ணீர் இடைவேளையில் வந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, பேர்ல ஒரு எழுத்து தப்பு" என்கிறான்.