‘மலிவான தொழிலாளர்’: ஒரு புவியியற் சொற்றொடர்

தேயிலைச் செய்கைக்கு வேண்டியன யாவை என்று கேட்டால் உயர்தர வகுப்பு மாணவன் தயங்காமல் விடை கூறுவான்: ஆண்டு முழுவதும் பரவிய மழைவீழ்ச்சி, நீர் தேங்காத சாய்நிலம், அமிலத் தன்மையுள்ள மண், மலிவான தொழிலாளர். அவன் பேராதனைப் பல்கலைக்கழகம் புகுந்து புவியியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும்போதும் இப்பட்டியல் அவனோடு கூடவே செல்கின்றது. அதன் இறுதிச் சொற்றொடரே ஈண்டு நமது ஆராய்ச்சிக்குரியது.

மழையையும் மண்ணையும் இயற்கை தந்தது. தொழிலாளரை மலிவாக்கியது யார்? 1867இல் கண்டிக்குத் தெற்கே, லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பதை நூல்கள் மறவாமல் எழுதுகின்றன. அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்கென இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பகுதிகளிலிருந்து திரட்டப்பட்டவர்கள் மன்னார்க் கரையிறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். வந்த பயணத்தின் செலவே அவர்கள் தலையிற் கடனாக ஏறிற்று. அக்கடனை மற்றொருவர் ஏற்றாலன்றி வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாதபடி, 1921இல் ஒழிக்கப்படும் வரை, ‘துண்டு’ முறை அவர்களைக் கட்டிவைத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 975,000 பேரின் கதியை அவர்களைக் கேளாமலே பேசினர். கடனாலும் சட்டத்தாலும் செய்யப்பட்ட மலிவை மழையளவோடு ஒரே வரிசையில் வைப்பது எவ்வகை விஞ்ஞானம்?

புவியியலைப் பழிப்பது நமது நோக்கமன்று. அது மனிதனோடு சேர்த்துக் கற்கப்படும்போது எத்துணை ஆற்றல் பெறுகின்றது என்பதற்குப் பேராதனையே ஒரு சான்று தந்துள்ளது. க. குணராசா அங்கே புவியியல் பயின்றவர். தமிழில் புவியியற் பாடநூல்கள் எழுதியவர். செங்கை ஆழியான் என்ற பெயரில் அவரை நாவலாசிரியராக நாம் அறிவோம். ‘வாடைக்காற்று’ என்னும் நாவலில் காற்று வெறும் பின்னணியன்று; மீனவரின் இடப்பெயர்வும் பிழைப்பும் பகையும் அப்பருவக் காற்றோடு பிணைந்து நிற்கின்றன. ‘காட்டாறு’ வன்னி மண்ணைக் காட்டுவதோடு நில்லாது, அம்மண்ணின் விவசாயியைச் சுரண்டுவோரையும் காட்டுகின்றது. கலையமைதியில் அவருடைய நாவல்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. எனினும் ஒரு நிலப்பகுதியை அதன் உற்பத்தி உறவுகளோடு காணும் கண் அவருக்கு இருந்தது. அவர் வடக்கின் மைந்தர், வடக்கை எழுதினார். அதிற் குறை காண்பதற்கில்லை. மலையகத்தின் வாழ்வைச் சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் எழுதினர். ஆனால் புவியியல் மாணவரின் வாசிப்பில் இவ்விலக்கியங்களுக்கு இடம் இருத்தல் வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. இலக்கியம் தமிழ்த்துறையின் சொத்து என்று விட்டுவிடுகின்றோம். (தமிழ்த்துறையினராகிய நாமும் குறிஞ்சி, முல்லை என்று நிலம் வகுத்து மனப்பாடம் செய்வதோடு அமைதி கொள்கின்றோம்!)

பௌதிகப் புவியியல் மட்டும் தெரிந்திருந்தால் என்ன நேரும் என்பதை 2014 ஒக்டோபர் 29 காட்டிற்று. அன்று காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சரிவின் இயல்பு தெரிந்தே இருந்தது; மழையின் இயல்பும் தெரிந்தே இருந்தது. ஆயினும் லயன்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தலைமுறைகளாக அம்மலையிற் கொழுந்து பறித்தவர்க்கு, வேறிடத்தில் வீடு கட்டிக்கொள்ளச் சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லை. எந்தச் சமவுயரக்கோட்டில் அது குறிக்கப்பட்டிருக்கின்றது?

1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தபோது, ஹந்தானை மலையடிவாரம் அதற்கு வாய்த்தது. அம்மலையின் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இன்று நூதனசாலை. பழைய இயந்திரங்கள் அங்கே துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர் அந்நூதனசாலையோடு திரும்பிவிட வேண்டியதில்லை. இன்னும் சற்று நடந்தால் லயன்கள் வரும். மழைமானிக் கணக்கோடு, அங்குள்ள ஒரு குடும்பத்தின் சம்பளச் சிட்டையையும் கேட்டு வாங்கி வாசிக்கலாம்.