திருவெம்பாவையில் கன்னியர் குரல்: பக்தியும் பருவ வாயிலும்

முன்னுரை

திருவாசகத்தின் ஒரு பகுதியான திருவெம்பாவையை மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் அருளினார் என்பது மரபு. கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் அவருக்குத் தனிக்கோயிலும் உண்டு. இதன் 20 பாடல்களும் மார்கழி நீராடச் செல்லும் இளம்பெண்களின் கூற்றாக அமைந்தவை. ‘சத்தியை வியந்தது’ என்னும் குறிப்பிற்கேற்ப அப்பெண்களைச் சிவசத்திகளாகக் கொள்வது உரைமரபு. அவ்விளக்கம் தத்துவ நுட்பம் உடையதே. ஆயினும் மணப்பருவ வாயிலில் நிற்கும் பெண்ணின் குரல் அதில் மறைந்துவிடுகிறது. அக்குரலின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோழியரிடையே நம்பிக்கை

முதற்பாடலில் ஒருத்தி வீதியில் எழும் வாழ்த்தொலி கேட்டு விம்மி மெய்ம்மறக்கிறாள்; மற்றொருத்தி உறங்குகிறாள். இரவும் பகலும் பேசிய அன்பு இப்போது படுக்கையின்மீது சென்றதோ என 2ஆம் பாடல் வினவுகிறது. 3ஆம் பாடலில் உள்ளிருப்பவள், தோழியரைப் பழைய அடியார் என்றும் தன்னைப் புதிய அடியவள் என்றும் கூறிப் பொறுத்தருள வேண்டுகிறாள். எனவே நம்பிக்கை எல்லோர்க்கும் ஒரே அளவில் வாய்ப்பதன்று. கேலியும் பரிவும் கலந்த உரையாடலில் அது சோதிக்கப்படுகிறது. இங்கு எழுப்ப வருவோர் பெற்றோரோ குருவோ அல்லர், ஒத்த வயதினரே.

மணமும் வேண்டுகோளும்

9ஆம் பாடல் சிவனடியாரையே கணவராக வேண்டுகிறது. 19ஆம் பாடலில் பெண்கள், மகளைக் கையளிக்கும்போது சொல்லப்படும் அடைக்கலப் பழஞ்சொல்லை அச்சத்தோடு நினைவூட்டி, தம் உடலும் கையும் கண்ணும் யார்க்கு உரியன என்பதைத் தாமே கூறுகின்றனர். தம்மை யாருக்கு ஒப்படைப்பார்களோ என்ற கவலையே இவ்வேண்டுகோளின் அடிப்படை எனலாம். எனினும் தெரிவு கணவர் எத்தகையவர் என்பதோடு நின்றுவிடுகிறது. மணம் வேண்டுமா என்னும் வினா எழவில்லை. அக்கணவர் உகந்து சொன்னபடியே பணிசெய்வதாகவும் அவர்கள் உறுதி கூறுகின்றனர். மேலும், இக்குரலைப் படைத்தவர் ஓர் ஆண் கவிஞர் என்பதும் கருதத்தக்கது.

யூத மரபோடு ஒப்பிடின் இவ்வெல்லை தெளிவுறும். அம்மரபில் 12 வயதில் சிறுமி சமயக் கட்டளைகளுக்குப் பொறுப்பாகிறாள். எனினும் அப்பொறுப்பைச் சபை நடுவே அறிவிக்கும் சடங்கு அமெரிக்காவில் 1922ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஜூடித் காப்லனுக்கு நிகழ்ந்ததே முதலாவது என்பர். அங்குக் கடமை முந்தியது, பொதுக்குரல் பிந்தியது. திருவெம்பாவையிலோ பொதுக்குரல் வீதியிலேயே ஒலிக்கிறது. முடிவெடுக்கும் உரிமை மட்டும் வேண்டுகோளாகவே நின்றுவிடுகிறது.

முடிவுரை

சத்திகளாகக் காணும் வாசிப்பும் கன்னியராகக் காணும் வாசிப்பும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஆயினும் 19ஆம் பாடலின் அச்சம் மானிடப் பெண்ணுக்கே உரியது. தத்துவ விளக்கம் அவ்வச்சத்தைக் கடந்து செல்லலாம், காணாமல் செல்லலாகாது.