கட்டைவிரலைக் கேளுங்கள்

கிட்டார் கேட்க உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் வாசிப்பவரின் இடக்கையைத்தான் பார்க்கிறார்கள். கம்பிமேல் ஏறி இறங்கும் விரல்கள் அங்கே இருப்பதால் வேடிக்கையும் அங்கேதான். கொஞ்சம் கேள்விஞானம் உள்ளவர் வலக்கைக்கு வருவார். கட்டைவிரல் பாணியில் வாசிக்கிறவர் முன்னால் அதுவும் போதாது. வலக்கையின் கட்டைவிரல் ஒன்றையே பார்க்க வேண்டும். மற்ற விரல்கள் எல்லாம் அதை நம்பித்தான் பாடுகின்றன.

அந்த விரலில் மோதிரம்போல் ஒரு பிளாஸ்டிக் நகம் மாட்டியிருக்கும். தளர்ந்தால் வழுக்கும், இறுகினால் ரத்தம் கட்டும். அதனால் வெந்நீரில் போட்டு இளக்கி, தன் விரலுக்கு ஏற்ப வளைத்துக்கொள்வார்கள். எஃகுக் கம்பி கட்டிய கிட்டாரின் ஆறு கம்பிகளில் தடித்த மூன்றும் இந்த நகத்தின் ஆட்சி. நான்கு அடி கொண்ட நடையில் முதல் அடியும் மூன்றாம் அடியும் தடித்த கம்பியில் தனியாக விழும். இரண்டும் நான்கும் பக்கத்துக் கம்பிகளையும் சேர்த்து வருடிக்கொண்டு விழும். இவ்வளவும் நடக்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி குதிரையை ஒட்டி, தடித்த கம்பிகள்மேல் பட்டும் படாமலும் கிடக்கும். அதனால் அந்த அடிகளுக்குச் சுருதி இருக்கும், ரீங்காரம் இருக்காது. 'டும்ம்ம்' என்று நீள வேண்டியது 'டுப்' என்று நின்றுவிடும். ஒரே கிட்டாரில் இருந்து மேளம் ஒன்றும் அடித்தள வாத்தியம் ஒன்றும் சேர்ந்து கேட்பது அந்த மிதமான அமுக்கத்தால்தான். உள்ளங்கை இம்மி கூடுதலாக அழுத்தினால் சுருதி செத்துவிடும். இம்மி தூக்கினால் அடித்தளம் கலங்கி, மேலே போகும் பாட்டை மூழ்கடித்துவிடும்.

பாட்டைப் பாடுவது ஆள்காட்டி விரல். மெல்லிய கம்பிகளில் அது பாடும்போது பெரும்பாலும் அடிமேல் விழாது. அடிக்குக் கொஞ்சம் முன்னால் எடுக்கும், கொஞ்சம் பின்னால் இறங்கும். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்றால் புரியும். அந்தச் சறுக்கலின் இன்பமே இங்கேயும். ஆனால் சறுக்கல் சறுக்கலாகத் தெரிய வேண்டுமானால் தரை அசையக் கூடாது. கற்றுக்கொள்கிறவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடமும் இதுவே. பாட்டு நின்றால் கட்டைவிரலும் நிற்கும், பாட்டு துள்ளினால் அதுவும் துள்ளும். ஒருநாள் திடீரென்று இரண்டும் பிரியும். ஒரே கையில் இரண்டு மனிதர்கள் குடியேறிவிடுவார்கள். அந்தப் பிரிவைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு வேறு வகையில் கிட்டார் கேட்க மாட்டார்கள்.

நமக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. வீணையில் வாசிக்கும் கம்பிகள் நான்கு, பக்கத்தில் தாளக் கம்பிகள் மூன்று. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ராகத்தை மீட்டிக்கொண்டிருக்க, சுண்டுவிரல் தன் பாட்டுக்குத் தாளக் கம்பிகளைத் தட்டும். ஒரு கைக்குள் ராகமும் தாளமும் தனித்தனியே நடப்பது நாம் காலகாலமாகக் கேட்டு வளர்ந்தது. ஒரு வேறுபாடு மட்டும் பெரியது. தாளக் கம்பிகள் ஒரே சுருதியில் நிலையாக நிற்பவை. இங்கே அடித்தளம் பாட்டின் இசைவு மாறும்தோறும் இடம் மாறிக்கொண்டே போகிறது. அதற்காக இடக்கையின் கட்டைவிரல்கூடச் சும்மா இருப்பதில்லை. கழுத்தின் மேலாக வளைந்து வந்து ஆறாவது கம்பியை அமுக்கும். கிட்டார் வகுப்புகளில் கூடாது என்று தடுக்கப்படும் பிடி அது. இந்தப் பாணியின் பெரியவர்கள் அப்படித்தான் பிடித்தார்கள்.

அந்தப் பெரியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மியூலன்பர்க் என்ற நிலக்கரி மாவட்டம். சுரங்கத்தில் இறங்கி ஏறியவர்களின் வீட்டுத் திண்ணைகளிலும் முடிதிருத்தும் கடையிலும் இந்த வாசிப்பு உருவானது. மோஸ் ரேகர் சுரங்கத்திலும் வேலை செய்தார், முடியும் திருத்தினார். ஐக் எவர்லி சுரங்கத் தொழிலாளி. பிற்காலத்தில் உலகம் கொண்டாடிய எவர்லி சகோதரர்களின் தந்தை அவர். இவர்களுக்கு முன்னால் கென்னடி ஜோன்ஸ் கட்டைவிரலில் நகம் மாட்டி வாசித்துக் காட்டினார். அவருக்கும் முன்னால் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் அந்த ஊர்களில் சுற்றித் திரிந்து வாசித்தார். 1931ல் அவர் இறந்தபோது ஓர் ஒலிப்பதிவுகூட மிஞ்சவில்லை. அவரைக் கேட்டவர்களின் விரல்களில் மட்டுமே அவர் மிஞ்சினார்.

மலேசியாவின் கோல சிலாங்கூர் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு நிலக்கரி என்றதும் பத்து ஆராங் நினைவுக்கு வராமல் போகாது. வட சிலாங்கூரில் நமக்குப் பக்கத்திலேயே இருந்த சுரங்க நகரம் அது. 1915ல் தோண்டத் தொடங்கி 1960ல் மூடினார்கள். மலாயாவின் ரயிலும் மின்நிலையமும் அந்தக் கரியில் ஓடின. 1936லும் 1937லும் அங்கே நடந்த வேலைநிறுத்தங்கள் வரலாற்றில் இடம்பெற்றவை. அங்கும் கூலி, கடன், கம்பெனி, வேலை முடிந்த சாயங்காலம். மியூலன்பர்க்கின் மகன் மெர்ல் டிராவிஸ் 1946ல் பதிவு செய்த 'சிக்ஸ்டீன் டன்ஸ்' என்ற பாட்டு, சுரங்கக் கம்பெனிக் கடையில் தீராத கடன்பட்டவனின் பாட்டு. சம்பள நாளன்று தோட்டத்துக் கடைக் கணக்கைத் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய பாட்டன்மாரின் பேரன்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

டிராவிஸ் பிறந்தது 1917ல். அதே ஆண்டில்தான் நம் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பிறப்புகள்தாம். ஆனாலும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே காரோட்டிக்கொண்டு டிராவிஸைக் கேட்கும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்தே நினைக்கிறேன். மரங்கள் சீராகக் கடந்து போவது கட்டைவிரலின் நடையோடு அப்படிப் பொருந்துகிறது.

டிராவிஸ் பெரும்பாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டுமே வைத்து வாசித்தார். 1930களின் இறுதியில் சின்சினாட்டி வானொலியில் அவரைக் கேட்ட செட் அட்கின்ஸ் என்ற இளைஞரால் இரண்டு விரலில் இவ்வளவு நாதம் வரும் என்று எண்ணவே முடியவில்லை. பார்த்துக் கற்க வழியில்லை, காதுதான் குரு. அதனால் கட்டைவிரலோடு மூன்று விரல்களைச் சேர்த்துத் தனக்கென ஒரு முறையை அவர் உண்டாக்கிக்கொண்டார். காது தவறாகக் கேட்டதில் ஒரு பெரிய பாணி பிறந்தது. ஏகலைவன் கதையை இங்கே இழுக்க எனக்கு மனமில்லை. இதில் யாரும் யாருடைய கட்டைவிரலையும் கேட்கவில்லை.

இருவரில் யார் உயர்வு என்ற பேச்சு இந்தக் கலையின் ரசிகர்களிடையே ஓயாது. அட்கின்ஸிடம் ஒவ்வொரு சுரமும் குளித்து, தலைவாரி, சட்டை மாற்றி வருகிறது. பின்னணியும் பாட்டும் இடையே ஓடும் இன்னொரு குரலும் துல்லியமாகத் தனித்தனியே கேட்கும். அந்தத் துல்லியத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் என் மனம் டிராவிஸிடம்தான். அவருடைய நகம் இரண்டாவது அடியில் சொன்னதைவிட ஒரு கம்பியைக் கூடுதலாக வருடிவிடும். அந்த ஊதாரித்தனத்தில் ஓர் உயிர் இருக்கிறது. 'கேனன்பால் ராக்' கேட்டால் இது விளங்கும். தாளம் பிசகாமல் இவ்வளவு விளையாடலாமா என்று வியப்பு வரும்.

நம் தோட்டங்களில் கிட்டார் எப்படி இருந்தது? கபோக் கிட்டார் என்றால் மலேசியாவில் எல்லா இனத்தவருக்கும் தெரியும். மலிவான சீனத்து மரக் கிட்டார். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே விரலே போய்வரும் அளவு இடைவெளி. அமுக்கி அமுக்கி விரல் நுனி காய்த்துப் போகும். லயத்துப் படிக்கட்டிலும் பந்து விளையாடும் திடலின் ஓரத்திலும் சாயங்காலம் அதைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். வாசிக்கத் தெரிந்தவர்களின் கனவு அன்றைக்கு ஒன்றுதான். 1982ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் 'இளைய நிலா' பாட்டுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டார். அந்தக் கம்பிகளின் தெளிவு நம் தலைமுறையின் காதில் கிட்டார் என்றால் இதுதான் என்று எழுதிவிட்டது. அதைக் குறைத்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பதிவில் அடித்தளத்துக்குத் தனியாக பேஸ் கிட்டார் இருந்தது, தாளத்துக்கு ஆள் இருந்தார்கள், இளையராஜாவின் மொத்த ஏற்பாடும் பின்னால் நின்றது. படிக்கட்டில் உட்கார்ந்தவனிடம் இருந்தது ஒரே கிட்டார். அவன் அதை அப்படியே வாசித்தபோது ஏதோ ஒன்று குறைந்தது. குறைந்தது எது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. குறைந்தது கட்டைவிரல்தான்.

அந்தக் குறையைத் தானாகவே கண்டுபிடித்தவர்களும் உண்டு. ஈஜோக் பக்கம் தோட்ட லாரி ஓட்டிய அண்ணன் ஒருவர் பழைய தமிழ்ப் பாட்டுகளை இப்படித்தான் வாசிப்பார். டிராவிஸ் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. "கூட அடிக்க ஆள் இல்ல தம்பி, அதான் நானே அடிச்சிக்கிறேன்" என்பார். தடித்த கம்பியில் அவர் கட்டைவிரல் விழும்போது கோயில் திருவிழாவின் உறுமி மேளம் தொலைவில் வருவதுபோல இருக்கும். அது தற்செயல் அல்ல. உறுமியிலும் ஒரு முகம் தேய்க்கப்பட்டு முனகும், மறு முகம் அடிக்கப்பட்டு நடக்கும், இரண்டு கைகளுக்கும் இரண்டு வேலை. தோட்டத்தில் பிறந்தவன் காதுக்குள் அந்தப் பிரிவினை ஏற்கெனவே இருக்கிறது. எஃகுக் கம்பிக்கு அதைக் கடத்த வேண்டியது மட்டுமே பாக்கி.

எஃகுக் கம்பி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நைலான் கம்பியில் அமுக்கிய அடி மழுங்கிப் போகும், பஞ்சில் தட்டியதாகக் கேட்கும். எஃகு அமுக்கினாலும் தன் உலோகத்தை விடாது. அந்த 'டுப்' ஒலியின் உள்ளே ஒரு மினுக்கு இருக்கும். மேலே மெல்லிய கம்பிகள் திறந்து ஒலிக்க, கீழே தடித்தவை வாயை மூடிக்கொண்டு நடக்க, ஒரே உலோகத்தின் இரண்டு குணங்களும் ஒரே நேரத்தில் காதில் விழும்.

இந்த வாசிப்பு மேடையைவிடக் கூடுகைக்கே ஏற்றது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் செட் அட்கின்ஸ் பெயரில் ரசிகர்கள் ஆண்டுதோறும் ஜூலையில் கூடுகிறார்கள். அங்கே மேடை நிகழ்ச்சிக்குப் பிறகு விடுதியின் தாழ்வாரங்களிலும் அறைகளிலும் நள்ளிரவு தாண்டியும் வாசிப்பு நடக்கும். மேதைக்கும் மாணவனுக்கும் அங்கே ஒரே நாற்காலிதான். நம் பக்கத்துக் கூடுகைகளும் சிறியவை. கடை மூடிய பிறகு இழுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், தே தாரிக், கொசுவர்த்திச் சுருள், இவ்வளவுதான். அதன் ஒழுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். முறை ஒவ்வொருவராகச் சுற்றி வரும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் கூடவே தட்ட மாட்டார்கள். கட்டைவிரல் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு தட்டல் அதற்கு இழுக்கு. புதிதாக ஒரு வளைவைக் காட்டினால், "திரும்ப ஒருக்கா மெதுவா" என்று கேட்பதே அங்கே பெரிய பாராட்டு. கைதட்டல் இரண்டாம்பட்சம்.

இன்றைய விரல்நுனிக் கிட்டாரில் பலகையை அறைவதும், உள்ளங்கையால் மத்தளம் அடிப்பதும், கம்பிகளை இரு கையாலும் தட்டுவதும் பெரிதாகக் கொண்டாடப்படுகின்றன. கூட்டம் வாய் பிளக்கிறது. அதில் திறமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தாளத்தை வெளியே எடுத்துக் காட்டியே தீரவேண்டும் என்ற தவிப்பு அதில் எனக்குத் தெரிகிறது. கட்டைவிரல் பாணி தாளத்தைச் சுரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. அமுக்கிய ஒரு கம்பிக்குள் மேளம் இருக்கிறது என்று நம்ப ஒரு பொறுமை வேண்டும், வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும். இந்தப் பாணியின் இன்றைய நட்சத்திரம் டாமி இம்மானுவேல் கிட்டாரை அறைந்தும் தேய்த்தும் வித்தை காட்டுவார், அரங்கம் எழுந்து நிற்கும். அவரைப் பெரிய கலைஞராக்குவது அது அல்ல. அதன்பிறகு அவர் உட்கார்ந்து வாசிக்கும் ஒரு மெதுவான பாட்டில், கட்டைவிரல் மூச்சு வாங்காமல் நடப்பதைக் கேட்க வேண்டும். அட்கின்ஸ் தம் கையால் பட்டம் அளித்த மிகச் சிலரில் அவரும் ஒருவர்.

இந்த விதிகள் எல்லாவற்றையும் தலைகீழாக்கியவர் ஒருவரும் இருக்கிறார். வட கரோலினாவின் எலிசபெத் காட்டன் இடக்கைப் பழக்கம் உள்ளவர். வலக்கையர்களுக்காகக் கம்பி கட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். விளைவு என்ன? தடித்த கம்பிகள் கீழே போய்விட்டன. அடித்தளத்தை விரல்கள் நடத்த, பாட்டைக் கட்டைவிரல் பாடியது. வீட்டு வேலை செய்து பிழைத்த அந்த அம்மா சிறுமியாக இருந்தபோது இயற்றிய 'ஃபிரெய்ட் டிரெய்ன்' இன்று உலகம் முழுதும் விரல்வாசிப்பு கற்பவர்களின் ஆரம்பப் பாடம். தடித்த கம்பிகளை இந்தக் கலையில் கட்டைவிரலுக்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யாராவது அடித்துப் பேசினால் நான் அந்த அம்மாவின் பதிவைப் போட்டுக் காட்டுவேன்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு என் பரிந்துரை, முதலில் டிராவிஸ், பிறகு அட்கின்ஸ், அதன்பிறகு காட்டன். முதல் முறை கேட்கும்போது பாட்டைத் தொடராதீர்கள், காலால் தட்டாதீர்கள். கீழே அமுக்கி ஒலிக்கும் அந்த நான்கு அடிகளை மட்டும் பிடித்துக்கொண்டு பாட்டு முழுதும் போங்கள். பாட்டைக் கேட்க இரண்டாவது முறை இருக்கிறது. நேரில் கேட்கும் வாய்ப்பு வந்தால் வாசிப்பவருக்கு எதிரே உட்கார வேண்டாம். அவருடைய வலப்பக்கமாக, கொஞ்சம் பின்தள்ளி, உள்ளங்கை கம்பியைத் தொடும் இடம் தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.