‘கேஸ்’ என்ற சொல்லுக்கு ரோமில் இடமில்லை

2016ல் வெளியான ‘ரோம் 4’ வரையறைகளை மறுபடி படித்தேன். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல், ஆனாலும் வயிறு படுத்துகிறது என்பவர்களின் தொல்லைகளுக்குப் பெயரும் எல்லையும் கொடுக்கிற ஆவணம் அது. உழைப்பில் குறையில்லை. எனக்குப் புகார் ஒரு சொல்லைப் பற்றித்தான்.

2006ல் வந்த முந்தைய பதிப்பில், ஐபிஎஸ் என்று சொல்ல ‘வலி அல்லது அசௌகரியம்’ போதும். ரோம் 4ல் வலி இருந்தே ஆகணும். அதுவும் கடைசி 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு 1 நாளாவது. அசௌகரியத்தை ஏன் எடுத்தார்கள்? சில மொழிகளில் அதற்குச் சொல்லே இல்லையாம். இருக்கிற மொழிகளிலும் அர்த்தம் வேறு வேறாம்.

ஆராய்ச்சிக்கு இது நியாயம். பல நாட்டு நோயாளிகளை ஒப்பிட அளவுகோல் ஒன்றாக இருக்கணும். ஆனா நம்மூர் கிளினிக்கில் வந்து உட்காருகிற பலர் வலியிலிருந்து ஆரம்பிப்பதில்லை. “கேஸ் சார்”, “உப்புசமா இருக்கு”, “எதுக்களிக்குது” என்பார்கள். 2010ல் வந்த ஆசிய நிபுணர்களின் ஐபிஎஸ் வரையறை வலியோடு உப்புசத்தையும் சேர்த்துக்கொண்டது. ரோம் 4 அந்த வழியில் போகவில்லை.

சொல் குழப்பமாக இருந்தால் கேட்டுப் பிரிக்கணும். ‘கேஸ்’ என்றால் நெஞ்செரிச்சலா? கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைஞ்சிடுதா? மலம் போனதும் குறையுதா? நடந்தால் நெஞ்சை அடைத்து, நின்றால் விடுகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் வயிற்றை விட்டுட்டு முதலில் இதயத்தைப் பார்க்கணும்.

எதையும் கேட்காமல் எழுதும் பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்கும். மலச்சிக்கலால் வரும் உப்புசத்துக்கு அது மருந்தில்லை. மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், ரத்தசோகை: இதில் ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு மட்டும் அனுப்பக் கூடாது. 60 வயதிலோ அதற்கு மேலோ அஜீரணத்தோடு வருகிறவருக்கு எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்கிறது 2017ன் அமெரிக்க, கனடிய வழிகாட்டுதல்.

ரோம் குழு பின்னாளில், சிகிச்சைக்கு நாள்கணக்கில் அவ்வளவு கறார் தேவையில்லை என்று தளர்த்தியது. நல்லதுதான். தமிழில் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். ‘கேஸ்’ என்பதை முதல் கேள்வியாகவே வைத்து, அது எங்கே என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லலாம். நெஞ்சா, மேல்வயிறா, அடிவயிறா என்பதாவது தெரிந்துவிடும்.