இரண்டு யார்டுக்கு ஓர் ஒப்பந்தம்

2022 நவம்பர் 14. அமெரிக்கக் கால்பந்து லீகான NFL-இல் அதுவரை ஆடிய எட்டு ஆட்டங்களிலும் ஜெயித்திருந்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், சொந்த மண்ணில் வாஷிங்டன் கமாண்டர்ஸிடம் 32-21 என்று தோற்றது. வாஷிங்டன் அன்று 49 முறை பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி 152 யார்டு எடுத்தது. சராசரி மூன்று யார்டு சொச்சம்தான். ஆனால் முதல் இரண்டு டவுன்களில் (முயற்சிகளில்) இப்படி மும்மூன்றாக நகர்ந்தாலே போதும், மூன்றாவது டவுனில் தாண்ட வேண்டிய தூரம் சுருங்கிவிடும். 21 மூன்றாவது டவுன்களில் 12-ஐத் தாண்டிய வாஷிங்டன், 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடங்களுக்கு மேல் பந்தை விடவே இல்லை.

ஈகிள்ஸின் ஓட்டை எங்கே என்பதில் சந்தேகமில்லை. டிஃபென்சிவ் லைனின் நட்டநடுவில் நிற்கும் நோஸ் டேக்கிள் ஜோர்டான் டேவிஸ், கணுக்கால் காயத்தால் வெளியே இருந்தார். அவருக்கு மாற்றாக இருந்த மார்லன் துய்புலோத்துவும் வாஷிங்டன் ஆட்டத்தில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். உடனே பொதுமேலாளர் ஹவீ ரோஸ்மன், எந்த அணியிலும் இல்லாமல் இருந்த இருவரை அடுத்தடுத்த நாள்களில் எடுத்தார். ஒருவர் 34 வயது லின்வல் ஜோசப், இன்னொருவர் 35 வயது டமுகாங் சூ. இருவரும் 2010 டிராஃப்டில் வந்தவர்கள், இருவரிடமும் சூப்பர் பவுல் மோதிரம் உண்டு. ஈகிள்ஸ் ஒரு டிராஃப்ட் வாய்ப்பைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த மாதிரி ஆள்களை சாக் (குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தல்) எண்ணிக்கையை வைத்து எடைபோடுவதுதான் வழக்கமான தவறு. ஜோசப் ஏறத்தாழ 150 கிலோ. எதிரணியின் சென்டரும் கார்டும் சேர்ந்து தள்ளும்போது பின்வாங்காமல், முழங்காலை மடக்கித் தணிந்து நின்று இருவரையும் தன்மேல் சுமப்பதே அவர் வேலை. அந்த இருவரில் ஒருவர் விலகிப் பின்னால் போய்விட்டால் லைன்பேக்கர் மாட்டிக்கொள்வார். விலகவிடாமல் பிடித்தால், நாலு யார்டு போக வேண்டிய ஓட்டம் இரண்டோடு நிற்கும். டேக்கிள் கணக்கு லைன்பேக்கர் பெயரில் ஏறும்.

நவம்பர் 20-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிராக இருவரும் களமிறங்கினார்கள். கோல்ட்ஸின் ஜொனாதன் டெய்லர் முதல் டிரைவிலேயே டச் டவுன் அடித்தார். ஆட்டம் முழுக்க அவர் எடுத்த 84 யார்டில் பாதிக்கு மேல் அந்த ஒரே டிரைவில் வந்தது. அதன்பின் கோல்ட்ஸுக்கு மூன்று ஃபீல்டு கோல்தான், டச் டவுனே இல்லை. ஈகிள்ஸ் 17-16 என்று தப்பித்தது. ஜோசப்பும் சூவும் சேர்ந்து குவார்ட்டர்பேக் மேட் ரையனைச் சாய்த்ததைத்தான் பலரும் பேசினார்கள். அது கொசுறு. எடுத்த வேலை, டெய்லரை அடக்கியது.

அதே சீசனில் ரோஸ்மன் செய்த இன்னொரு சேர்க்கையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முந்தைய ஆண்டு சிகாகோவுக்காக 18.5 சாக் எடுத்த ராபர்ட் க்வினுக்காக நான்காம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பைக் கொடுத்தார். வழக்கமான சீசனில் ஈகிள்ஸுக்காக க்வின் எடுத்த சாக் பூஜ்யம். ஆள் மோசமில்லை, அவருக்கென்று காலியிடம்தான் இல்லை. குவார்ட்டர்பேக்கைத் துரத்த ரெடிக், ஸ்வெட், கிரஹாம் ஏற்கெனவே இருந்தார்கள். அணி அந்த சீசனில் 70 சாக் குவித்தது. பேர்பெற்றவருக்கு வேலை இல்லை, வேலை இருந்த இடத்துக்கு மலிவானவர் வந்தார்.

டிசம்பர் 4-ல் டேவிஸ் திரும்பினார். அன்று டென்னசியின் டெரிக் ஹென்றி 11 ஓட்டத்தில் 30 யார்டோடு முடங்கினார். காயத்துக்கு ஒட்டுப்போட வந்தவர்கள் இப்போது சுழற்சிக்குப் பலமானார்கள்.

எல்லையும் உண்டு. சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டி ஈகிள்ஸுக்கு எதிராக 158 யார்டு ஓடியது, ஒரு சாக்கும் விழவில்லை. ஈகிள்ஸ் 38-35 என்று தோற்றது. ஆனாலும் நவம்பர் ஒப்பந்தத்திடம் பிப்ரவரி கோப்பையைக் கேட்பது அநியாயம். அதே ஜோசப்பை 2023-ல் பஃபலோவும் 2024-ல் டல்லஸும் தேடிப் பிடித்தன. வயதை எண்ணாமல் அவர் நிற்கும் இடத்தை எண்ணிய அணிகள் அவை. மலிவுச் சேர்க்கையை எடைபோடும்போது கேட்க வேண்டியவை இரண்டுதான்: எந்த ஓட்டைக்கு இவர், எத்தனை ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் தருணத்துக்கு) இவர். இரண்டுக்கும் அணியிடம் பதில் இருந்தால், அந்தக் கையெழுத்து வீணில்லை.