வினா வடிவில் ஒரு விடை

அறிவுப் போட்டி எந்த நாட்டில் நடந்தாலும், ஒருவர் கேட்க மற்றொருவர் சொல்லுவது என்ற பழைய சம்பிரதாயத்தை விட்டு அது விலகுவது அபூர்வம். அந்தச் சம்பிரதாயத்தை வேண்டுமென்றே மாற்றி, விடை போன்ற ஒரு வாக்கியத்தை நடத்துநர் படிக்க, அதற்குரிய வினாவைப் போட்டியாளர் சொல்ல வேண்டும் என்று விதி செய்து, அந்த விதியையே தன் முத்திரையாகக் கொண்டு விளங்குவது அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி. 1964 மார்ச் 30 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய அது, 1975இல் நின்று, பின்னர்ச் சிறிது காலம் மீண்டும் தலைகாட்டி, 1984 செப்டம்பர் முதல் இன்றுவரை தொடர்ந்து நடந்து வருகிறது. இவ்வளவு நீண்ட காலம் ஒரு நிகழ்ச்சி மக்களின் அபிமானத்தை இழக்காமல் நிலைத்திருக்கிறதென்றால், அதன் அமைப்பில் ஏதோ ஒரு விசேஷம் இருக்கத்தான் வேண்டும். அந்த விசேஷம், பலரும் கருதுவதுபோல, வினா வடிவில் விடை சொல்லும் விதியில் இருக்கிறதா, வேறு எங்கேனும் இருக்கிறதா என்பதை நிதானமாக ஆராய்வது, கேள்வி கேட்டு அறிவைச் சோதிக்கும் தொழிலில் ஈடுபட்ட எவருக்கும் பயன்படக்கூடிய காரியம் என்று நம்புகிறோம்.

அந்த விதி பிறந்த சந்தர்ப்பத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வினாடி வினா நிகழ்ச்சிகள் பெரும் அவமானத்துக்கு உள்ளாயின. ‘ட்வென்டி ஒன்’ என்ற நிகழ்ச்சியில் பல வாரங்கள் வென்று நாடறிந்த மனிதராகிவிட்ட சார்லஸ் வான் டோரன், தமக்கு விடைகள் முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டன என்று 1959இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழு முன்னிலையில் ஒப்புக்கொண்டார். பொதுமக்களின் நம்பிக்கை சிதைந்துபோன அந்தக் காலத்தில் புதியதொரு நிகழ்ச்சியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த மெர்வ் கிரிஃபினுக்கு, டுலூத்திலிருந்து நியூயார்க் செல்லும் விமானப் பயணத்தில், அவர் மனைவி ஜூலன் ஒரு யோசனை சொன்னார்: விடைகளைக் கொடுத்தார்கள் என்பதுதானே குற்றம், அப்படியானால் விடைகளை வெளிப்படையாகவே கொடுத்துவிட்டு வினாக்களைக் கேட்டு வாங்கினால் என்ன? உதாரணமாக, 5,280 என்று அவர் சொல்ல, ஒரு மைலுக்கு எத்தனை அடி என்று கிரிஃபின் மறுமொழி கூறினார். ஜெப்பர்டியின் வித்து அதுவே.

அந்த வித்தில் உண்மையான ஒரு தலைகீழ் மாற்றம் இருந்தது என்பதை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும். 5,280 என்ற வெறும் எண்ணைக் கேட்டவுடன், இதை விடையாகக் கொண்ட வினா எதுவாக இருக்கும் என்று மனம் பின்னோக்கிச் சென்று தேட வேண்டியிருக்கிறது. ஆனால் இந்த முறையைக் கொண்டு நெடுநாள் நிகழ்ச்சி நடத்த முடியாது. ஏனெனில் ஒரு பெயரையோ ஆண்டையோ விடையாக வைத்தால், அதற்குப் பொருந்தும் வினாக்கள் நூறு உண்டு. அவற்றுள் எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்ல எவராலும் இயலாது. ஆகவே, வெறும் விடையாக இருந்திருக்க வேண்டியது, ஒரு பொருளை வருணிக்கும் முழு வாக்கியமாக வளர்ந்தது. போட்டியாளர் சொல்ல வேண்டிய வினாவோ, அந்தப் பொருளின் பெயரோடு ‘யார்’ அல்லது ‘என்ன’ என்பதைச் சேர்க்கும் அளவுக்குச் சுருங்கிப்போயிற்று.

நடத்துநர் படிக்கும் அந்த வருணனை வாக்கியத்தைக் குறிப்பு என்று அழைப்போம். 2011 பிப்ரவரியில் இடம்பெற்ற ஒரு குறிப்பைப் பாருங்கள். அமெரிக்க நகரங்கள் என்ற தலைப்பின் கீழ் வந்த அதன் பொருள் இது: இதன் மிகப் பெரிய விமான நிலையம் இரண்டாம் உலகப் போரின் வீரர் ஒருவர் பெயரையும், இரண்டாவது பெரிய விமான நிலையம் அதே போரில் நிகழ்ந்த ஒரு சமரின் பெயரையும் தாங்கியவை. இதற்குச் சொல்ல வேண்டிய மறுமொழி, ‘சிகாகோ என்றால் என்ன?’ என்பது. உலகத்தில் யாரேனும் ஒருவரிடம் சிகாகோ என்றால் என்ன என்று கேட்டால், அவர் அதன் விமான நிலையங்களின் பெயர்க் காரணத்தைச் சொல்லி நிறுத்துவாரா? மாட்டார். வினாவும் விடையும் இடம் மாறியதாகத் தோன்றுகிறதே ஒழிய, உண்மையில் மாறவில்லை.

நம்முடைய இலக்கண நூலார் வகுத்த பாகுபாடு இந்த இடத்தில் நமக்கு நல்ல துணையாகும். தனக்கு விடை தெரிந்திருந்தும், மற்றவருக்குத் தெரியுமா என்று அறிய ஆசிரியர் மாணவரிடம் கேட்பது போன்றதை அறிவினா என்கிறது நன்னூல். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. ஜெப்பர்டியின் நடத்துநர் படிக்கும் வாக்கியம், வடிவத்தில் செய்தியாக இருந்தாலும், தொழிலில் அறிவினாவே. போட்டியாளரின் மறுமொழி வடிவத்தில் வினாவாக இருந்தாலும், தொழிலில் நேரான விடையே. வினாவுக்கு எதிராக வினாவையே விடையாகச் சொல்லுவதையும் நன்னூல் எட்டு வகை விடைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அங்கே வினா வடிவத்துக்கு ஒரு வேலை உண்டு. இதைச் செய்வாயா என்று கேட்டவரிடம் செய்யாமல் இருப்பேனா என்று சொல்லும்போது, அந்த வினா உடன்பாட்டை உறுதியோடு தெரிவிக்கிறது. ஜெப்பர்டியின் வினா வடிவம் பொருளில் அணுவளவும் எதையும் கூட்டுவதில்லை. அதை நீக்கினாலும் விடை விடையாகவே நிற்கும்.

இனி, குறிப்பின் பக்கம் திரும்புவோம். நிகழ்ச்சியின் உண்மையான கலை இங்கேதான் குடிகொண்டிருக்கிறது என்பது எம் அபிப்பிராயம். ஒரு நாள் ஆட்டத்தில் இரண்டு சுற்றுகள். சுற்றுக்கு 6 தலைப்புகள், தலைப்புக்கு 5 குறிப்புகள். இறுதியில் ஒரே ஒரு குறிப்பு. ஆக 61 குறிப்புகள். ஒவ்வொன்றும் திரையில் ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்க வேண்டும். சில விநாடிகளுக்குள் நடத்துநர் படித்து முடிக்க வேண்டும். இந்த நெருக்கடியிலிருந்து பிறந்த சொற்சிக்கனம் அலாதியானது. ‘இந்த நிறுவனம்’, ‘இந்த நாடு’, ‘இந்த எழுத்தாளர்’ என்று ஒரு சுட்டுச் சொல்லை வாக்கியத்தின் நடுவே நட்டு, தேடப்படுவது ஊரா, ஆளா, நூலா என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் குறிப்பு காட்டிவிடுகிறது. தலைப்பும் குறிப்பின் ஓர் அங்கமாகவே வேலை செய்கிறது. தலைப்பில் சில எழுத்துகள் மேற்கோள் குறிக்குள் இருந்தால், அந்த எழுத்துகள் விடையிலும் வர வேண்டும் என்று பொருள்.

ஒரு நல்ல குறிப்பு எப்படி இயங்குகிறது என்பதற்கு 2004 நவம்பர் 30 அன்று ஒளிபரப்பான ஆட்டத்தின் இறுதிக் குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். தொடர்ந்து 74 ஆட்டங்களில் வென்றிருந்த கென் ஜென்னிங்ஸ் அன்றுதான் தோற்றார். குறிப்பின் கருத்து இது: இந்த நிறுவனத்தின் 70,000 பருவகால அலுவலக ஊழியர்களுள் பெரும்பாலோர் ஆண்டுக்கு நான்கு மாதங்கள் மட்டுமே வேலை செய்கிறார்கள். பருவகாலம் என்றவுடன் கிறிஸ்துமஸ் காலத்துப் பொட்டலங்களை நினைத்த ஜென்னிங்ஸ், ‘ஃபெடெக்ஸ்’ என்று எழுதினார். சரியான விடை, வருமான வரிப் படிவங்களைத் தயாரித்துக் கொடுக்கும் ‘எச் அண்ட் ஆர் பிளாக்’. அமெரிக்கர்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை வரிக்கணக்கில் மூழ்கியிருப்பார்கள் என்பதை ‘நான்கு மாதம்’ என்ற சொல் சுட்டுகிறது. பொட்டலம் சுமப்பவர்களை விலக்கி, மேசையருகில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவர்களை நோக்கி ‘அலுவலக ஊழியர்’ என்ற சொல் திருப்புகிறது. அந்த நிறுவனத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற புள்ளிவிவரம் ஒருவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லையும் சிரத்தையோடு எடைபோட்டுப் பார்ப்பவருக்கு விடை தானே வந்து சேரும். ஞாபகசக்தி குறைந்த இடத்தில் யுக்தி கைகொடுக்கிறது. இதற்கு மேலாக, விடை தெரியாத நேயரும் கூடப் புதிய செய்தி ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் எழுந்து போகிறார். நான்கு விடைகளை வரிசையாக நிறுத்தி ஒன்றைப் பொறுக்கச் சொல்லும் ‘கோடீஸ்வரன்’ வகை நிகழ்ச்சிகள் தமிழ்நாட்டிலும் பிரபலம். அவற்றில் தவறான மூன்று விடைகளும் விளையாட்டுக்கு வேண்டிய வெறும் நிரப்பிகளாகப் போய்விடுகின்றன. ஜெப்பர்டியின் குறிப்பில் வீணான சொல் இருப்பது அரிது.

குணத்தைச் சொன்ன நாம் குறையையும் சொல்லத்தான் வேண்டும். வருணனையைக் கேட்டுப் பெயரைச் சொல்லும் இந்த முறையில், விடை எப்போதும் ஒரு பெயராகவோ சிறு தொடராகவோ முடிந்துவிட வேண்டியிருக்கிறது. யார், எது, எங்கே, எப்போது என்பவை தாராளமாக இடம்பெற, ஏன், எவ்வாறு என்பவை பெரும்பாலும் வெளியிலேயே நிற்கின்றன. ஒரு போர் எந்த ஆண்டில் நடந்தது என்று அறிந்தவர் பரிசு பெறுகிறார். அது ஏன் மூண்டது என்று அறிந்தவருக்கு அந்த அறிவைக் காட்ட வாய்ப்பில்லை. 2011இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் உருவாக்கிய ‘வாட்சன்’ என்ற கணினி, ஜென்னிங்ஸையும் மற்றொரு மகா வீரரான பிராட் ரட்டரையும் தோற்கடித்தது இந்தக் குறையைப் பிரத்தியட்சமாகக் காட்டியது. சொற்களின் சேர்க்கையைக் கொண்டே பெயரை ஊகிக்க முடியுமென்றால், பொருளை உணராத இயந்திரமும் வெல்லலாம் அல்லவா? ஆயினும் அதே கணினி, மேலே சொன்ன விமான நிலையக் குறிப்புக்குக் கனடாவின் டொரான்டோவை விடையாகச் சொல்லித் தடுமாறியதையும் நாம் மறைக்கலாகாது. தலைப்பு அமெரிக்க நகரங்களைச் சொல்லியிருக்க, தலைப்பின் கனத்தை அது சரியாக மதிக்கவில்லை. மனிதர் இருவரும் சிகாகோ என்றே எழுதினார்கள். நன்றாக அமைந்த குறிப்பு, பெயர் தேடும் வேலைக்கு உள்ளேயே சற்று விவேகத்தையும் கேட்டு வாங்குகிறது என்பதற்கு அது சான்று.

மறுமொழி பற்றிய விதிகளைப் பார்க்கும்போதுதான் நம் மனம் முழுமையாக இசைய மறுக்கிறது. முதற்சுற்றில் ஒருவர் வினா வடிவத்தை மறந்தால் நடத்துநர் நினைவூட்டுகிறார். இரண்டாம் சுற்றில் நினைவூட்டல் கிடையாது, தாமே உடனடியாகத் திருத்திக்கொள்ளாவிட்டால் சரியான விடையும் தவறாகிவிடுகிறது. அதே சமயம், வினாவின் இலக்கணத்தைப் பற்றி நிகழ்ச்சிக்குக் கவலையே இல்லை. ஓர் ஊரை ‘யார்’ என்று கேட்டாலும், ஒரு மனிதரை ‘என்ன’ என்று கேட்டாலும் ஏற்றுக்கொள்ளப்படும். இறுதிக் குறிப்புக்கு முன்னால், இடைவேளையிலேயே ‘யார்’ அல்லது ‘என்ன’ என்ற சொல்லை எழுதி வைத்துக்கொள்ளும்படி போட்டியாளர்களுக்கு அறிவுறுத்துகிறார்கள். பொருந்துகிறதா என்று பார்க்கப்படாத, முன்கூட்டியே எழுதி வைக்கத்தக்க ஒரு சொல், அது இல்லாதபோது மட்டும் ஒருவருடைய அறிவைப் பொய்யாக்கிவிடும் என்பது எந்த நியாயத்தில் சேரும்?

விடையின் உட்பொருளைத் தீர்மானிப்பதில் நடுவர்கள் காட்டும் கண்டிப்பு வேறு வகையானது. அதை நாம் குறை கூறமாட்டோம். 1904 ஒலிம்பிக்கில் இணைக்கம்பிப் போட்டியில் தங்கம் வென்ற ஜார்ஜ் ஐசர் என்ற உடற்பயிற்சி வீரரின் உடலில் இருந்த வித்தியாசம் எது என்று கேட்கும் குறிப்புக்கு, ‘கால்’ என்று வாட்சன் சொன்னது. முதலில் ஏற்கப்பட்ட அந்த விடை, பின்னர்த் தவறென்று மாற்றப்பட்டது. ஒரு கால் இல்லாமையே அவருடைய வித்தியாசம், கால் அன்று. இங்கே நடுவர்கள் காத்தது பொருளை. 2018இல் ‘கேங்ஸ்டாஸ்’ என்று சொல்ல வேண்டிய பாடல் பெயரை ‘கேங்ஸ்டர்ஸ்’ என்று உச்சரித்த போட்டியாளர் ஒருவருக்கு முதலில் கொடுத்த தொகையைத் திரும்பக் கழித்தார்கள். அந்தத் தீர்ப்பு கடுமையானது என்றாலும், பெயர் பெயராகவே இருக்க வேண்டும் என்ற ஒரு கொள்கை அதற்குப் பின்னால் இருந்தது. வினா வடிவத்தை மறந்ததற்கு விதிக்கும் தண்டனைக்குப் பின்னால் அப்படி எந்தக் கொள்கையும் இல்லை.

ஆயினும் அந்த வடிவம் முற்றிலும் பயனற்றது என்று சொல்லிவிடுவது அநீதியாகும். ஒரே லயத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் அந்த வினா, ஆட்டத்துக்கு ஒரு சடங்கின் கம்பீரத்தைக் கொடுக்கிறது; அரைநொடி யோசிக்கப் போட்டியாளருக்கு அவகாசம் தருகிறது; வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் குடும்பத்தாரையும் அதே தொனியில் பதில் சொல்லத் தூண்டுகிறது. மக்கள் ஒரு நிகழ்ச்சியை நேசிப்பதற்கு இத்தகைய பழக்கங்கள் பெரிதும் காரணமாகின்றன. சடங்கைச் சடங்காகவே வைத்துக்கொள்வதில் தவறில்லை. அறிவை அளக்கும் கோலாக அதை ஆக்குவதே தவறு.

ஆகவே நம் முடிவு இது: ஜெப்பர்டியின் பெருமை அதன் குறிப்புகளுக்கு உரியது, வினா வடிவம் அதன் அலங்காரம் மட்டுமே. வடிவத்தை மறந்தவருக்கு எந்தச் சுற்றிலும் நினைவூட்டி விடையை ஏற்றுக்கொள்வதால் ஆட்டத்தின் சுவை குன்றாது, நியாயம் கூடும். வகுப்பறைக்கோ மேடைக்கோ தொலைக்காட்சிக்கோ வினாக்களைத் தொகுக்கும் நம்மவர்கள், அந்நிகழ்ச்சியின் வெளி வேடத்தை விட்டுவிட்டு, பல வழிகளில் விடைக்கு அழைத்துச் செல்லும் குறிப்பை வீண்சொல் இல்லாமல் எழுதும் அந்தக் கலையைச் சிரத்தையோடு கற்றுக்கொள்வார்களானால், மனப்பாடத்தைச் சோதிக்கும் கேள்விகள் குறைந்து, சிந்தனையைத் தூண்டும் கேள்விகள் பெருகும். அதை அவர்கள் செய்ய வேண்டும்.