கோச்சி என்ற சொல்லும் நமது எழுத்தும்

மலையக ரயிலைப் பற்றி அண்மைக்காலமாக எழுதப்படுபவற்றில் மூடுபனியும் சுரங்கங்களும் ஒன்பது வளைவுப் பாலமும் தவறாமல் வருகின்றன. அந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது என்பது வருவதில்லை.

1867இல் கண்டியை எட்டிய பாதை கோப்பிக்காக வந்தது. 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அது தொட்டபோது, இலைத்துரு நோயில் கோப்பி அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்திருந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்க வேண்டும், ஆட்கள் இரண்டாம்பட்சம். இறம்பொடைக்குத் தண்டவாளம் வரவேயில்லை.

ஆயினும் அந்த ரயிலைப் பற்றிய கூர்மையான விமர்சனம் தோட்ட மக்களின் வாயில்தான் பிறந்தது: 'ஒப்பாரிக் கோச்சி'. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்களைத் தலைமன்னார்க் கப்பலுக்குக் கொண்டுசென்ற ரயிலுக்கு, நிலையங்களில் எழுந்த அழுகையே பெயராயிற்று. 1984இல் கப்பல் சேவை நின்ற பின்னும் அப்பெயர் வழங்குகிறது.

இந்த இரண்டு சொற்களில் இருப்பது நமது சிறுகதைகள் பலவற்றில் இல்லை. அவற்றில் ரயில் நிலையம் பிரிவுக்கு ஒரு பின்புலம் மட்டுமே. யாருடைய கையெழுத்தால் அந்தப் பிரிவு நேர்ந்தது என்ற கேள்வி எழுவதில்லை. 'கோச்சி' கொச்சை என்று 'புகையிரதம்' ஆக்கும் பத்திரிகாசிரியர்களும் சற்று யோசிக்க வேண்டும். அந்தத் திருத்தத்தில் போவது ஒரு பேச்சுவழக்கு மாத்திரமல்ல, ஒரு சாட்சியமும்தான்.